கப்பக்காரச் சித்தப்பாவும் கடல் ரேடியோவும்

போன வாரம் பரணைக் காலி பண்ணினோம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஓடு மாத்தியாகணும். மரக்கால், ஓட்டை விழுந்த அண்டா, எலி கடிச்ச சாக்கு என்று ஒவ்வொன்றாக இறக்கும்போது அடியில் ஒரு தகரப் பெட்டி கிடந்தது. சித்தப்பாவுடையது. அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருசம் ஆச்சு. பெட்டிக்குள் ரெண்டே சாமான். ஒன்று, தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். உள்ளே பேட்டரி ஒழுகி, பச்சை பச்சையாய்ப் பூத்துக் கிடந்தது. இன்னொன்று, எண்ணெய்த்தாளில் சுத்தி வைத்திருந்த அவருடைய கப்பல் புத்தகம். கப்பலில் வேலை பார்த்தவர்களுக்குக் கொடுப்பது. எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்தில், எந்தத் தேதியில் ஏறினார், எப்போது இறங்கினார் என்று பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தியிருக்கும்.

அந்த ராத்திரி நான் சரியாத் தூங்கலை. ஏன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை இருக்கு.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம், கடைமடை. புதாறு, அதாவது கல்லணைக் கால்வாய், எல்லாருக்கும் கொடுத்து மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு. மார்கழிக் கடைசியில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். நம்ம முறை ராத்திரி ஒரு மணிக்கு வரும், ரெண்டு மணிக்கும் வரும். வரப்பில் உட்கார்ந்து காவல் காக்கணும். கண் அசந்தால் மேல் வயல்காரன் மடையை அடைச்சிடுவான். 1973, 74-ல் எனக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயசு. காவலுக்குச் சித்தப்பாவோடு நானும் போவேன். கோணிச் சாக்கைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருப்போம். நடுவில் அந்த டிரான்சிஸ்டர். ஏடன் துறைமுகத்தில் வாங்கியது. அங்கே அப்போது வரி கிடையாது என்பதால் கப்பல்காரர்கள் எல்லாரும் அங்கேதான் வாங்குவார்களாம்.

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருந்தால் லைசென்ஸ் எடுக்கணும். வருசா வருசம் போஸ்ட் ஆபீசில் பணம் கட்டணும். இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு நம்பவே கஷ்டமாக இருக்கும், எண்பதுகளின் நடுவில்தான் அதை எடுத்தார்கள். எங்கள் அப்பா வீட்டு ரேடியோவுக்கு ஒழுங்காகக் கட்டிவிடுவார். சித்தப்பாவின் டிரான்சிஸ்டருக்கு லைசென்ஸ் இல்லை. "இது கப்பல்ல பொறந்த சாமான்டா, இதுக்கு எந்த ஊரு சட்டமும் கெடையாது" என்பார். அப்படிச் சொல்லிவிட்டுத்தான் அந்தக் கதையை ஆரம்பிப்பார். நடுக்கடலில் கப்பலை நிறுத்தி, அதில் ரேடியோ ஸ்டேஷன் வைத்து, ராத்திரி பகலாகப் பாட்டுப் போட்டவர்களின் கதையை.

சித்தப்பா கல்கத்தாவில் கப்பல் ஏறியவர். ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் சரக்குக் கப்பலில் பண்டாரி. நம்ம ஊர் ஆட்களுக்குச் சோறு ஆக்கிப் போடுகிற ஆளை அப்படித்தான் சொல்வார்கள். லண்டனுக்குக் கீழே டில்பரி துறைமுகத்தில் சரக்கு இறக்க வாரக்கணக்கில் கப்பல் நிற்கும். தேம்ஸ் ஆறு கடலில் கலக்கிற இடத்துக்கு வரும்போதே டிரான்சிஸ்டரைத் திருப்புவாராம். "பிபிசிக்காரன் பேசிக்கிட்டே இருப்பான். முள்ளை இந்தப் பக்கம் கொஞ்சம் நகட்டுனா பாட்டு. நிறுத்தவே மாட்டான்டா தம்பி."

சித்தப்பா சொன்னது எல்லாம் நிஜமாக நடந்ததுதான். பிற்பாடு நான் தேடித் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பிரிட்டனில் அப்போது ரேடியோ என்றால் பிபிசி ஒன்றுதான். தனியார் யாரும் நடத்த முடியாது. அந்த பிபிசியிலும் இசைத்தட்டுப் போட அளவு உண்டு. தட்டுக் கம்பெனிகளோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் ஒப்பந்தம் போட்டு, ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் தட்டு சுழலலாம் என்று வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் தட்டில் போட்டுவிட்டால் வாத்தியக்காரன் எங்கே போவான் என்பது சங்கத்தின் கவலை. அது நியாயமான கவலைதான். ஆனால் அறுபதுகளின் தொடக்கத்தில் பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் கிளம்பி, ஊரில் இருக்கிற இளவட்டம் எல்லாம் பைத்தியமாய்த் திரிந்தபோது, அந்தப் பாட்டைக் கேட்க வீட்டு ரேடியோவில் வழியில்லை. ராத்திரி மட்டும் லக்சம்பர்க் என்கிற குட்டி நாட்டிலிருந்து 208 மீட்டரில் ஒரு நிலையம் வரும். அதிலும் பெரிய தட்டுக் கம்பெனிகள் நேரத்தை விலைக்கு வாங்கி வைத்திருந்தன. சின்ன ஆள் உள்ளே நுழைய முடியாது.

அப்படி நுழைய முடியாத ஒருத்தர்தான் ரோனன் ஓ'ராஹிலி. அயர்லாந்துக்காரர், இருபத்து மூன்று வயசு. ஜார்ஜி ஃபேம் என்கிற பாடகரின் தட்டை எடுத்துக்கொண்டு பிபிசிக்கும் லக்சம்பர்க்குக்கும் அலைந்தார், ரெண்டு இடத்திலும் போடவில்லை, அந்தக் கோபத்தில் கப்பல் வாங்கினார் என்று சொல்வார்கள். கோபம் மட்டும் போதாது, வசதியும் வேணுமே. அவர் குடும்பத்துக்குச் சொந்தமாக அயர்லாந்தில் கிரீனோர் என்று ஒரு துறைமுகமே இருந்தது. பழைய டென்மார்க் பயணிகள் கப்பல் ஒன்றை அங்கே கொண்டுவந்து, 150 அடிக்கு மேல் கம்பம் நட்டு, 1964 மார்ச் 28-ஆம் தேதி இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு வெளியே நிறுத்தி ஒலிபரப்பை ஆரம்பித்தார். ரேடியோ கரோலின் என்று பெயர். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகள் பெயர் அது.

சட்டம் என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. கரையிலிருந்து 3 மைல் வரைதான் நாட்டின் எல்லை. அதற்கு வெளியே பொதுக் கடல். அங்கே கப்பலில் எந்த நாட்டுக் கொடி பறக்குதோ அந்த நாட்டுச் சட்டம்தான். கப்பலைத் தூரத்து நாடு ஒன்றில் பதிவு செய்திருப்பார்கள். கப்பல் நிற்கும். பாட்டு மட்டும் கரை ஏறி வீட்டுக்குள் வரும். வரப்பு போட்டால் தண்ணி நிற்கும், ரேடியோ அலை நிற்குமா?

இதை ஆரம்பித்து வைத்ததும் ஓ'ராஹிலி இல்லை. 1958-லேயே டென்மார்க் கரையில் ரேடியோ மெர்கூர், 1960-ல் ஹாலந்தில் வெரோனிக்கா, 1961-ல் சுவீடனில் ரேடியோ நார்ட் என்று கப்பல்கள் நின்றிருக்கின்றன. இந்த சுவீடன் கதையைக் கவனியுங்கள். ரேடியோ நார்ட் வந்ததும் அரசாங்க ரேடியோ அலறிப் புடைத்துக்கொண்டு பாட்டுக்கென்றே ஒரு சேவையை ஆரம்பித்தது. அடுத்த வருசமே சட்டம் போட்டுக் கப்பலை மூடியது. ரெண்டு வேலையும் செய்தார்கள். ஒரு கையால் கற்றுக்கொண்டு, இன்னொரு கையால் கதவைச் சாத்துவது. இதே கூத்து பின்னாடி பிரிட்டனிலும் நடந்தது. அந்த ரேடியோ நார்ட் கப்பல் வேலை இல்லாமல் சும்மா நின்றபோது, இன்னொரு கூட்டம் அதை வாங்கி, மி அமிகோ என்று பெயர் மாற்றி, கரோலினுக்குப் போட்டியாகப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது. ரெண்டு மாசத்தில் போட்டி போதும் என்று கைகோத்துக்கொண்டார்கள். பழைய கப்பல் வடக்கே ஐல் ஆஃப் மேன் தீவுக்குப் போனது, மி அமிகோ தெற்கே நின்றது. பாதி பிரிட்டன் ஒன்றில், மீதி இன்னொன்றில்.

அந்த வருசக் கடைசியில் ரேடியோ லண்டன் வந்தது. அமெரிக்கக் கடற்படை கண்ணி வாரிக்கொண்டிருந்த பழைய கப்பலில். சித்தப்பாவுக்குப் பிடித்தது இதுதான். "அவன் அமெரிக்காக்காரன் மாதிரி பேசுவான். ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அடுத்த பாட்டு தொடங்கிடும்."

கப்பல் மட்டுமில்லை, கோட்டைகளும் இருந்தன. உலகப்போரில் ஜெர்மன் விமானங்களைச் சுட, 1943 வாக்கில் தேம்ஸ் முகத்துவாரத்தில் கடலுக்குள்ளேயே கால் நட்டுக் கட்டிய இரும்புக் கோபுரங்கள். போர் முடிந்ததும் ராணுவம் போட்டுவிட்டுப் போனது. பாட்டுக்காரர்கள் அதிலும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். டில்பரிக்குப் போகிற கப்பல்கள் அந்தப் பக்கமாகத்தான் போகும். "கடலுக்குள்ள நம்ம வைக்கப்போர் மாதிரி நாலு காலு மேல நிக்கும்டா. இருட்டுல பாத்தா பயமா இருக்கும். உள்ளேருந்து பாட்டு வருதுன்னு தெரிஞ்சதும் பயம் போயிடும்" என்று சித்தப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கு. நெட்டில் முதல்முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். பரண் மேல் வைக்கோல் ஏற்றி வைத்த மாதிரிதான் இருக்கு.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை ஒரு ஜாலியான சாகசமாகவே எழுதுவார்கள். எனக்கு அது முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. முதலில், இது பணம். விளம்பரப் பணம். பாட்டெழுதியவனுக்கும் பாடியவனுக்கும் போகவேண்டிய பங்கு எல்லாக் கப்பலிலிருந்தும் ஒழுங்காகப் போகவில்லை. அடுத்து, உயிர். 1966 ஜனவரி 19 ராத்திரி புயலில் நங்கூரம் அறுந்து, மி அமிகோ கரையில் போய்த் தட்டியது. கயிறு கட்டி ஒவ்வொருத்தராய் இழுத்துக் கரை சேர்த்தார்கள். அதே வருசம் ஜூனில் இன்னும் மோசம். ஷிவரிங் சேண்ட்ஸ் என்கிற கோட்டையில் ரேடியோ சிட்டி நடத்திய ரெஜ் கால்வர்ட்டுக்கும், ஆலிவர் ஸ்மெட்லி என்பவருக்கும் ஒரு டிரான்ஸ்மிட்டர் விஷயத்தில் தகராறு. ஸ்மெட்லியின் ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கோட்டையைப் பிடித்தார்கள். மறுநாள் கால்வர்ட் அவர் வீட்டுக்குப் போய் ரகளை செய்ய, ஸ்மெட்லி துப்பாக்கியால் சுட்டுவிட்டார். கால்வர்ட் செத்துப்போனார். தற்காப்புக்குச் சுட்டது என்று கோர்ட் ஸ்மெட்லியை விடுதலை செய்தது. வாய்க்கால் தகராறில் மண்வெட்டியைத் தூக்குவது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அந்தச் சாவுக்குப் பிறகு அரசாங்கத்துக்குப் பேச்சு சுலபமாகிவிட்டது. பிரதமர் ஹரால்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசு சட்டம் கொண்டுவந்தது. கெட்டிக்காரத்தனமான சட்டம். கப்பலைப் பிடிக்க முடியாதில்லையா, அதனால் கரையைப் பிடித்தார்கள். பிரிட்டன் பிரஜை அந்தக் கப்பலில் வேலை பார்த்தால் குற்றம், சோறு தண்ணி எண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தால் குற்றம், விளம்பரம் கொடுத்தால் குற்றம். தண்ணியைத் தடுக்க முடியாவிட்டால் மடைக்கு வருகிற ஆளைத் தடு, அவ்வளவுதான். 1967 ஆகஸ்ட் 14 நடுராத்திரியிலிருந்து அமல். ஐல் ஆஃப் மேன் தீவின் பார்லிமெண்ட் மட்டும் மாட்டேன் என்றது. கப்பலால் அவர்கள் ஊருக்கு நல்ல பேர், நாலு பேர் சுற்றுலா வருகிறார்கள். லண்டன் அரசு மேலேயிருந்து உத்தரவு போட்டு, அங்கேயும் கொஞ்ச நாளில் அமல் பண்ணிவிட்டது.

அன்றைக்கு மதியம் 3 மணிக்கு ரேடியோ லண்டன் மூடியது. அறிவிப்பாளர்கள் ரயிலேறி லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கினபோது இளசுகள் கூட்டம் நெரித்துவிட்டதாம். மற்ற நிலையங்களும் ஒவ்வொன்றாய் அடங்கின. கரோலின் மட்டும் அடங்கவில்லை. ஜானி வாக்கர், ராபி டேல் என்று ரெண்டு அறிவிப்பாளர்கள் தெற்குக் கப்பலிலேயே இருந்துவிட்டார்கள். மணி பன்னிரண்டு அடித்தது. அந்த நொடியிலிருந்து அவர்கள் குற்றவாளிகள். முதலில் 'வீ ஷல் ஓவர்கம்' போட்டார்கள்.

இந்த இடத்தைச் சித்தப்பா சொல்லும்போது குரல் மாறிவிடும். டிரான்சிஸ்டர் சத்தத்தைக் குறைத்துவிடுவார். "டில்பரியில கப்பலு. மேல்தட்டுல நானும், சிட்டகாங் பையன் ஒருத்தனும், இதே பொட்டிய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கோம். பன்னண்டு மணி. நின்னுடும் நின்னுடும்னு பாக்குறோம். நிக்கலை. அந்தப் பாட்டு வருது. அந்தப் பய அழுதுட்டான்டா." நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு மயிர் கூச்செறியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தபோது, இது எங்க சித்தப்பா பாட்டு என்று வாத்தியாரிடமே சொல்லியிருக்கிறேன்.

கப்பல் கதையை முடித்ததும் முள்ளை நகட்டி இலங்கை வானொலியைத் தேடுவார். சாயங்காலம் இருட்டிவிட்டால் போதும், தூரத்து நிலையமெல்லாம் தெளிவாகிவிடும். பகலில் வானத்தில் தாழ்வாக இருக்கிற ஒரு அடுக்கு மத்திய அலையைக் குடித்துவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோய், மேலே இருக்கிற அடுக்கில் அலை மோதித் திரும்பும். எங்களுக்கோ நடுவில் இருப்பது ஒரு பாக் நீரிணை. கொழும்பு பக்கத்து வீடு மாதிரி கேட்கும்.

இலங்கை வானொலி திருட்டு ரேடியோ இல்லை, அது ஒரு அரசாங்கத்தின் நிலையம், முறைப்படி நடந்தது. ஆனாலும் ரெண்டு கதைக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படும். 1952-ல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்கிறது, சாஸ்திரிய சங்கீதம்தான் வேணும் என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு வற்றிப்போனது. அது ஆர்மோனியத்தையே பல வருசம் ஒதுக்கி வைத்திருந்த வானொலி, சினிமாப் பாட்டு எம்மாத்திரம். கேட்கிற ஆள் என்ன செய்வான்? முள்ளைத் திருப்பினான். உலகப்போரில் மவுண்ட்பேட்டன் படைகளுக்காக வைத்த சக்தி வாய்ந்த டிரான்ஸ்மிட்டர் இலங்கையிடம் இருந்தது. 1950-லேயே வர்த்தக சேவை தொடங்கியிருந்தார்கள். இந்தியக் கம்பெனிகளின் விளம்பரப் பணம் கொழும்புக்குப் போனது. இந்தியில் அமீன் சயானி, தமிழில் மயில்வாகனன். பிற்பாடு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம். இவர்கள் குரலுக்கு எங்கள் ஊரில் இருந்த மரியாதை எந்த மந்திரிக்கும் கிடையாது. டெல்லிக்குப் புத்தி வந்து 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கினார்கள். பத்து வருசம் கழித்து, 1967 நவம்பரில், அதிலும் விளம்பரம் வந்தது.

அகில இந்திய வானொலியை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தஞ்சாவூர்க்காரன் நன்றி மறக்கக் கூடாது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற குறுவை நெல் வந்தபோது திருச்சி வானொலிதான் அதை வயல் வயலாகக் கொண்டுபோனது. ஜனங்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வைத்துவிட்டார்கள். எங்கள் அப்பாவும் போட்டார். வயித்துக்குத் திருச்சி, காதுக்குக் கொழும்பு. ரெண்டும் வேண்டியிருந்தது.

பிரிட்டனிலும் அதேதான் நடந்தது. கப்பல்களை மூடிய ஆறே வாரத்தில், 1967 செப்டம்பர் 30 அன்று, பிபிசி ரேடியோ 1 என்று பாட்டுக்கான தனி நிலையத்தைத் திறந்தது. முதல் குரல் டோனி பிளாக்பர்ன். எங்கிருந்து வந்தவர்? ரேடியோ லண்டன் கப்பலிலிருந்து. அதற்கு முன் கரோலினில் இருந்தவர், மி அமிகோ கரை தட்டியபோது அதில் இருந்தவரும்கூட. அவரோடு இன்னும் பல கப்பல்காரர்கள் போனார்கள். நடுராத்திரியில் சட்டத்தை மீறிய ஜானி வாக்கரே 1969-ல் பிபிசியில் சேர்ந்தார். களவாணி என்று துரத்தினவனையே கூப்பிட்டுக் கணக்குப்பிள்ளை வேலை கொடுத்த மாதிரி.

கரோலினின் ரெண்டு கப்பலையும் 1968 மார்ச்சில், சாமான் கொண்டுவந்து கொடுத்த ஹாலந்துக் கம்பெனியே பாக்கிப் பணத்துக்காக இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான்கு வருசம் கழித்து மி அமிகோ மறுபடி வந்தது. நானும் சித்தப்பாவும் வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அதே ராத்திரிகளில் அந்தக் கப்பல் வட கடலில் பாடிக்கொண்டிருந்தது. எங்கள் ரெண்டு பேருக்கும் அது தெரியாது. 1980 மார்ச்சில் புயலில் மூழ்கியது. அதில் இருந்த நான்கு பேரையும் ஒரு கேனரிக் குருவியையும் உயிர்காக்கும் படகு வந்து காப்பாற்றியது. குருவிக்கு வைத்திருந்த பேர் வில்சன், தங்களை ஒழிக்கச் சட்டம் போட்ட பிரதமரின் பேர். 1983-ல் ராஸ் ரிவெஞ்ச் என்ற பழைய மீன்பிடிக் கப்பலில் கரோலின் மூன்றாம் முறை வந்தது. அது இப்போது எசெக்ஸில் ஒரு ஆற்று முகத்துவாரத்தில் நிற்கிறது. கரோலினுக்கு 2017-ல் முறையான லைசென்ஸே கிடைத்தது. 648 கிலோஹெர்ட்ஸ். முன்பு பிபிசி உலக சேவை வந்துகொண்டிருந்த இடம்.

இப்போது கப்பல் புத்தகத்துக்கு வருகிறேன்.

பக்கம் பக்கமாகப் பார்த்தேன். 1964 கடைசியில் லண்டன் முத்திரை இருக்கு. 1965-ல் இருக்கு. 1966-ல் ரெண்டு தடவை இருக்கு. கடைசி முத்திரை கல்கத்தா, 1967 பிப்ரவரி. இறங்கினார் என்று போட்டிருக்கு. அதற்கப்புறம் எல்லாப் பக்கமும் வெறும் தாள்.

அப்படியானால் 1967 ஆகஸ்ட் 14 நடுராத்திரியில் அவர் டில்பரியில் இல்லை.

ஏதோ தப்பு இருக்கும், இன்னொரு புத்தகம் இருக்கும் என்று பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். இல்லை. விடிந்ததும் சித்தி வீட்டுக்குப் போனேன். எண்பது நெருங்குகிறது, காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் மட்டும் கல்லு மாதிரி.

"சித்தி, ஒங்க கல்யாணம் என்னைக்கு?"

"என்னடா திடீர்னு? ஆவணியில. அறுபத்தேழு. அண்ணாதொர வந்த வருசம்."

"அதுக்கு முன்னாடி ஆடி மாசம் சித்தப்பா எங்க இருந்தாரு?"

"எங்க இருந்தாரு, இங்கதான். மாசியிலயே வந்துட்டாரே. ஆடி முழுக்க இந்த வீட்டுக்குக் கீத்து வேஞ்சிக்கிட்டுக் கெடந்தாருன்னு ஒங்க அப்பாயி சொல்லும். எங்க அப்பா கண்டிசனாச் சொல்லிட்டாரு, கப்பலுக்குப் போறவனுக்குப் பொண்ணு கெடையாதுன்னு."

நான் புத்தகத்தைக் காட்டினேன். கதையைச் சொன்னேன். சித்திக்கு அந்த நடுராத்திரிக் கதையே தெரியாது. ஐம்பது வருசம் கூட வாழ்ந்தவளிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஒரு லெட்டரு வந்துச்சு" என்றாள். "கல்யாணமாயி ரெண்டு மூணு மாசம் இருக்கும். வெளிநாட்டு ஸ்டாம்பு. கூட வேல பாத்த பையன் எழுதுனதுன்னாரு. இங்கிலீசுல இருந்துச்சு. அத வச்சிக்கிட்டுத் திண்ணையில உக்காந்தவரு, ரெண்டு நாளு யார்கிட்டயும் பேசலை. யாராவது செத்துட்டாங்களான்னு கேட்டேன். இல்லேன்னாரு."

சிட்டகாங் பையன் எழுதியிருக்க வேண்டும். அந்த ராத்திரி, அந்தப் பாட்டு, அந்த அழுகை எல்லாம் அவனுடையது. சித்தப்பா அதில் தன்னையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவர் பொய் சொன்னார் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. மூன்று வருசம் கேட்ட ரேடியோ, மூடுகிற அன்றைக்கு அவர் கீத்து வேய்ந்துகொண்டிருந்திருக்கிறார். கரோலினில் இருந்த ரெண்டு பேரும் கரைக்கு வரமாட்டேன் என்று கடலில் நின்றுகொண்டார்கள். இவர் வந்துவிட்டார். வந்ததால்தான் சித்தி, வந்ததால்தான் எனக்கு அந்த வரப்பு ராத்திரிகள். ஒருநாளும் அவர் கப்பலுக்குப் போகணும் என்று வாய் திறந்து கேட்டதில்லை என்று சித்தி சொல்கிறாள். கேட்டிருந்தால் விட்டிருப்பீர்களா என்றேன். "விட்டிருக்க மாட்டேன்" என்றாள் பட்டென்று.

டிரான்சிஸ்டரைத் தூக்கி எறிய மனசு வரலை. பேட்டரி போடுகிற இடத்தில் பூத்திருந்ததை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது, பட்டுக்கோட்டையில் டிவி ரிப்பேர் பார்க்கிற தம்பி ஒருத்தன் பற்றவைத்துக் கொடுத்தான். காசு வாங்கலை, இந்த மாதிரி செட்டை இப்பதான் பாக்குறேன் சார் என்றான். சாயங்காலம் சித்தி வீட்டுத் திண்ணையில் வைத்து முள்ளைத் திருப்பினேன். எல்இடி பல்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் இப்போது மத்திய அலையில் இரைச்சல்தான் அதிகம். 936-ல் திருச்சி வந்தது, கரகரவென்று, ஏதோ உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொழும்பு கிடைக்கலை. இருட்டட்டும், பாக்கலாம் என்றேன்.

"வச்சிட்டுப் போ" என்றாள் சித்தி. "நிறுத்தாத. ஓடட்டும்."